மாணவர், பாடசாலை, கட்டணம்: ஜாங்கோவில் தொடர்புள்ள பதிவுகளைக் கேட்டெடுக்கும் முறை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்காக, பைதன் மொழியின் இணையக் கட்டமைப்பான ஜாங்கோவில் ஒரு செயலி எழுதியிருக்கிறீர்கள். அதில் மாணவர், பாடசாலை, வகுப்பு, கட்டணம் என்று நான்கு மொடல்கள் உண்டு; ஒவ்வொரு மொடலும் தரவுத்தளத்தின் ஓர் அட்டவணைக்கு நேரானது. ஏறத்தாழ 400 மாணவர்களின் பட்டியலைத் திறக்க நெடுநேரம் எடுக்கிறது. ஒக்டோபர் மாதக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியலில் வரவேண்டிய சில பெயர்கள் வராமல் போகின்றன. ஆகவே தொடர்புள்ள பதிவுகளை முன்கூட்டியே எடுத்துவரும் கட்டளைகளில் 'செலக்ட் ரிலேட்டட்' நல்லதா, 'பிரீஃபெட்ச் ரிலேட்டட்' நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பக்கம் தாமதமாவது ஒன்று, பட்டியல் பிழைப்பது மற்றொன்று. நீங்கள் பெயர் சொன்ன இரண்டு கட்டளைகளும் முதலாவதற்கு மட்டுமே உதவும். இரண்டாவதை அவை தொடவே மாட்டா. என் கணிப்பில் இரண்டாவதுதான் பாரதூரமானது. பக்கம் மெதுவாகத் திறந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கட்டணம் கட்டாத பிள்ளையின் பெயர் விடுபட்டு, கட்டிய பிள்ளையின் தகப்பனுக்குத் தொலைபேசி அழைப்புப் போனால், அந்த நிலையத்தில் உங்கள் செயலியை அதற்குப் பிறகு ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆயினும் தாமதத்தை விளங்கிக்கொண்டால் பிழையும் தானாக விளங்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நிரலில் எழுதும்போது இரண்டு சொற்களுக்கு இடையில் அடிக்கோடு இட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர் மொடலில் பாடசாலைக்கு ஓர் அந்நியச் சாவி வைத்திருப்பீர்கள். உயர்தர வகுப்பில் ஐ.சி.ரி. படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது: மாணவர் அட்டவணையில் பாடசாலையின் பெயர் இருப்பதில்லை, பாடசாலை அட்டவணையில் உள்ள பதிவின் இலக்கம் மட்டுமே இருக்கும். நிரலில் 'மாணவர்' என்று எழுதிப் புள்ளி வைத்து 'பாடசாலை', மறுபடி புள்ளி வைத்து 'பெயர்' என்று எழுதும்போது, பாடசாலையின் பெயர் ஏற்கெனவே கையில் இருப்பது போன்ற ஒரு தோற்றம் உண்டாகிறது. உண்மையில் அந்த முதற்புள்ளியைக் கடக்கும் கணத்தில்தான் ஜாங்கோ தரவுத்தளத்துக்குப் போய் அந்தப் பாடசாலையின் பதிவை எடுத்து வருகிறது. ஒரு மாணவருக்கு இது பிரச்சினையே இல்லை. 400 மாணவர்களை வரிசையாகக் காட்டும் பக்கத்தின் வார்ப்புருவில் அதே புள்ளி 400 முறை கடக்கப்படுகிறது. பட்டியலை எடுக்கத் தரவுத்தளத்திடம் ஒரு வினவல் (கேள்வி), பாடசாலைப் பெயர்களுக்கு 400 வினவல்கள், ஆக 401. அதே வரியில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை வகுப்புக்குப் போகிறார் என்ற எண்ணிக்கையையும் காட்டினால் இன்னும் 400, மொத்தம் 801. ஒரு வினவல் போய்வர 5 மில்லிசெக்கன் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் அதுவே நான்கு செக்கன். ஊரிலுள்ள 400 பேரின் பத்திரங்களுக்காக ஒருவர் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) 400 முறை பஸ் ஏறி இறங்குவதைப் போன்றது இது. கச்சேரியில் வேலை உடனே முடிகிறது. நேரம் முழுவதும் வழியில் போகிறது. ஆகையால் சேர்வரின் வேகத்தைக் கூட்டினாலும் பெரிய பயன் இராது. தொழிலில் இதை 'என் பிளஸ் வன்' பிரச்சினை என்பார்கள்.

இது ஜாங்கோவின் குறைபாடு அன்று. குவெரிசெட் என்று அது தருவது பதிவுகளின் தொகுதி அல்ல, இன்னும் அனுப்பப்படாத ஒரு விண்ணப்பம். நிபந்தனையிட்டுத் தெரிவுசெய்யும் 'ஃபில்டர்' கட்டளையை நீங்கள் எழுதினாலும், வரிசைப்படுத்தச் சொன்னாலும் அந்த விண்ணப்பத்தில் வரிகள் கூடுகின்றனவே ஒழிய, யாராவது அதை வாசிக்கத் தொடங்கும்வரை தரவுத்தளத்துக்கு ஒன்றும் போவதில்லை. 'ஃபோர்' சுற்று தொடங்கும்போது, அல்லது பட்டியலாக மாற்றும்போதுதான் அது அனுப்பப்படுகிறது. இந்தச் சோம்பல் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இல்லாவிட்டால் ஒவ்வொரு இடைப்படியிலும் ஒரு வீண் வினவல் ஓடும். ஆனால் பாடசாலையின் பெயரும் உங்களுக்கு வேண்டும் என்பதை அந்த விண்ணப்பத்தில் நீங்கள் எழுதாதவரை, ஜாங்கோவுக்கு அதை முன்கூட்டி அறிய வழியில்லை. அதை எழுதுவதற்குத்தான் அந்த இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன.

எதை எப்போது பயன்படுத்துவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பதிவில் நின்று பார்த்தால், தொடர்பின் மறுமுனையில் இருப்பது ஒன்றா, பலவா? ஒரு மாணவருக்குப் பாடசாலை ஒன்றுதான். அந்தத் திசைக்கு 'செலக்ட் ரிலேட்டட்'. அது தரவுத்தள வினவல் மொழியான எஸ்.கியூ.எல்.இன், அட்டவணைகளை இணைக்கும் ஜொயின் கொண்டு மாணவர் வரியையும் பாடசாலை வரியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரே வினவலில் எடுத்து வருகிறது, 401 ஒன்றாகிவிடும். ஒரு மாணவருக்குக் கட்டணப் பதிவுகள் பல, வகுப்புகளும் பல. அந்தத் திசைக்கு 'பிரீஃபெட்ச் ரிலேட்டட்'. அது முதலில் மாணவர்களை எடுக்கிறது. பிறகு அந்த 400 மாணவர்களின் இலக்கங்களையும் ஒரே பட்டியலாகக் கொடுத்து 'இவர்களுக்குரிய கட்டணப் பதிவுகள் எல்லாவற்றையும் தா' என்று இரண்டாவது வினவல் ஒன்றை அனுப்புகிறது. வந்தவற்றைப் பைதனுக்குள் வைத்துப் பிரித்து, அவரவர் பதிவுகளை அவரவரிடம் சேர்க்கிறது. பலவான தொடர்பு ஒன்றுக்கு ஒரு வினவல் என்று கணக்கு. மாணவர் எத்தனை பேரானாலும் அது மாறாது.

பலவான தொடர்புகளையும் ஜொயினால் ஒட்டியிருக்கலாமே, ஏன் இரண்டாவது வினவல் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று வகுப்புகளும் பத்துக் கட்டணப் பதிவுகளும் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே ஜொயினில் ஒட்டும்போது மாணவர் ஒருவருக்கு 3 × 10 = 30 வரிகள், 400 பேருக்கு 12,000 வரிகள் வரும். தனித்தனியாக எடுத்தால் 400, 1,200, 4,000 என்று மூன்று வினவல்களில் 5,600 வரிகளே வரும். அவற்றில் திரும்பத் திரும்ப வருவதும் குறைவு. இந்தப் பெருக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பட்டியலும் கூட்டுத்தொகையும் பிழைப்பதற்கு இதே பெருக்கம்தான் காரணமாக வரப்போகிறது.

'ஒன்று' என்ற திசையிலும் சில வேளைகளில் 'பிரீஃபெட்ச்' பொருந்தும். உங்கள் 400 மாணவர்களும் பன்னிரண்டு பாடசாலைகளிலிருந்து வருகிறார்கள் என்றால், 'செலக்ட் ரிலேட்டட்' செய்யும்போது அதே பன்னிரண்டு பாடசாலைகளின் முழுவிபரமும் 400 வரிகளில் மீண்டும் மீண்டும் பயணம் செய்கிறது. பெயரும் முகவரியும் மட்டும் என்றால் அது பொருட்டே இல்லை. பாடசாலை பற்றிய நீண்ட குறிப்பு ஒன்றையும் அதே அட்டவணையில் சேமித்திருந்தால், தனி வினவலில் பன்னிரண்டு பதிவுகளை மட்டும் எடுப்பது இலகுவாக இருக்கக்கூடும். எது வேகம் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். தரவின் பருமனும் சேர்வரின் இருப்பிடமும் தெரியாமல் ஒருவர் அடித்துச் சொன்னால் அதை நம்பாதீர்கள். 'செலக்ட் ரிலேட்டட்' என்பதை வெறும் அடைப்புக்குறியோடு விடாமல் எந்தத் தொடர்பு வேண்டும் என்று பெயரிட்டு எழுதுங்கள். வெறுமையாக விட்டால், வெற்றாக இருக்க அனுமதியில்லாத அந்நியச் சாவிகள் எல்லாவற்றையும் அது பின்தொடரும். யாரோ ஒருவர் ஆறு மாதத்தின் பின் புதிதாக ஒரு சாவியைச் சேர்க்கும்போது உங்கள் பக்கம் காரணம் தெரியாமல் பாரமாகும்.

'பிரீஃபெட்ச்' போட்டும் வினவல்கள் குறையவில்லை என்று பலர் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களுக்கும் இது நேர்ந்திருக்கலாம். முன்கூட்டி எடுத்து வைத்த பதிவுகள், அந்தத் தொடர்பை முழுதாக, 'ஆல்' என்று கேட்கும்போதுதான் பயன்படும். சுற்றுக்குள் நின்று அதே கட்டணங்களின் மேல் 'ஃபில்டர்' போட்டு ஒக்டோபரை மட்டும் கேட்டால், அது புதிய கேள்வி; எடுத்து வைத்தவற்றைப் பார்க்காமல் ஜாங்கோ மறுபடி தரவுத்தளத்துக்குப் போகும். அப்போது 400 வினவல்களும் அப்படியே இருக்க, எடுத்து வைத்த 4,000 பதிவுகளும் வீணாகும். நிலைமை முன்பிருந்ததைவிட மோசமாகும். வரிசையை மாற்றும் 'ஓடர் பை' கட்டளைக்கும் இதே விதி. இதற்குத் தீர்வு 'பிரீஃபெட்ச்' என்ற பெயரிலேயே உள்ள தனிப் பைதன் கிளாஸ், 2014இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. எந்தத் தொடர்பு, அதில் எந்தப் பதிவுகள், கொண்டுவந்து எந்தப் பெயரில் வைப்பது என்ற மூன்றையும் அதற்குச் சொல்லலாம். ஒக்டோபர்க் கட்டணங்களை மட்டும் எடுத்து 'ஒக்டோபர்க் கட்டணம்' என்ற தனிப்பெயரில் வைக்கச் சொன்னால், அது சாதாரணப் பைதன் பட்டியலாகவே உங்களிடம் வந்து சேரும்; அதற்குப் பிறகு தவறுதலாக வினவல் ஓட வாய்ப்பே இல்லை. மாணவருக்குக் கடைசி மூன்று கட்டணங்கள் மட்டும் போதும் என்று நறுக்கிக் கேட்பது 2023இல் வந்த 4.2 பதிப்பிலிருந்துதான் முடியும். உங்கள் பதிப்பு பழையதென்றால் அதை முயன்று நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இனி, பெயர்கள் விடுபடுகிற பட்டியல். நீங்கள் இட்டிருந்த நிரலின் துண்டில், மாணவர்களிலிருந்து 'மாதம் ஒக்டோபர், நிலை கட்டியது' என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒரே 'எக்ஸ்குளூட்' கட்டளைக்குள் கொடுத்திருக்கிறீர்கள். தமிழில் வாசித்தால் அது சரியாகவே படுகிறது: ஒக்டோபர்க் கட்டணத்தைக் கட்டியவர்களை நீக்கு, மிச்சம் கட்டாதவர்கள். ஜாங்கோ அதை அப்படி வாசிப்பதில்லை. பலவான தொடர்பின் மேல் 'எக்ஸ்குளூட்' செய்யும்போது, இரண்டு நிபந்தனைகளும் ஒரே கட்டணப் பதிவில் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏதோ ஒரு பதிவில் மாதம் ஒக்டோபராக இருந்து, வேறு ஏதோ ஒரு பதிவில் நிலை 'கட்டியது' என்றிருந்தாலும் அந்த மாணவர் நீக்கப்படுவார். ஒரு பிள்ளையை எடுத்துப் பாருங்கள். செப்டெம்பர்ப் பதிவு: கட்டியது. ஒக்டோபர்ப் பதிவு: கட்டவில்லை. ஒக்டோபர் என்று ஒரு பதிவு உண்டு, கட்டியது என்று ஒரு பதிவும் உண்டு. ஆகவே அந்தப் பிள்ளை நீக்கப்பட்டுவிடுகிறது. உங்கள் பட்டியலில் மிஞ்சுவோர், ஒக்டோபருக்குப் பதிவே இல்லாதவர்களும் இதுவரை ஒரு மாதமும் கட்டாதவர்களும் மட்டுமே. ஒழுங்காகக் கட்டிவந்து இந்த மாதம் மட்டும் தவறியவர்கள் எல்லோரும் மறைந்துபோகிறார்கள்; நீங்கள் தேடுவது பெரும்பாலும் அவர்களைத்தான். இது ஒளிந்திருக்கும் கோளாறு அன்று. ஜாங்கோவின் ஆவணத்தில் எச்சரிக்கையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் வினவல் பிழைச் செய்தி எதுவும் தராமல் ஓடி முடிவதால், அந்த ஆவணத்தைத் தேடிப்போக ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

'ஃபில்டர்' இதற்கு மாறாக நடக்கும். ஒரே 'ஃபில்டர்' கட்டளைக்குள் இரண்டு நிபந்தனைகளையும் கொடுத்தால் இரண்டும் ஒரே கட்டணப் பதிவில் பொருந்த வேண்டும். ஒக்டோபரைக் கட்டியவர்கள் சரியாக வருவார்கள். அதையே இரண்டு 'ஃபில்டர்'களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால், இரண்டாவது நிபந்தனைக்குக் கட்டண அட்டவணை மறுபடியும் ஒரு தடவை ஒட்டப்படுகிறது. அப்போது நிபந்தனைகள் வெவ்வேறு பதிவுகளில் பொருந்தினாலும் போதும். போதாததற்கு வரிகளும் பெருகும்: ஒக்டோபர்ப் பதிவு ஒன்றும் கட்டிய மாதங்கள் இரண்டும் உள்ள பிள்ளையின் பெயர் பட்டியலில் இரண்டு முறை வரும். அதைக் கண்டவுடன் பலர் 'டிஸ்டிங்ட்' போட்டு இரட்டிப்பை மறைக்கிறார்கள். இரட்டிப்பு வந்தால் அது கேள்வி தவறு என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். மறைப்பதற்கு முன் ஏன் வந்தது என்று பார்த்துவிடுங்கள். மாணவரின் பெயர், பிறந்த திகதி, பாடசாலை போன்ற ஒன்றான தொடர்புகளில் பிரித்து எழுதினாலும் சேர்த்து எழுதினாலும் விடை ஒன்றே. அங்கே பழகிய கை, பலவான தொடர்பில் இதே போல எழுதித்தான் தவறுகிறது.

சரியான கேள்வியை நான் எழுதினால், முதலில் அதை வாயால் இப்படிச் சொல்லிப் பார்ப்பேன்: 'ஒக்டோபர் மாதத்துக்குரியதும் கட்டப்பட்டதுமான கட்டணப் பதிவு ஒன்று எந்த மாணவருக்கு இல்லையோ, அவரைத் தா.' இந்த வாக்கியத்தில் 'ஒன்று இல்லை' என்பதுதான் உயிர். அதற்கு நேரான கட்டளை 'எக்சிஸ்ட்ஸ்'. கட்டண மொடலிலிருந்து தொடங்கி, மாணவர் என்ற புலம் வெளியே நிற்கும் மாணவரின் சாவிக்குச் சமம், மாதம் ஒக்டோபர், நிலை கட்டியது என்று மூன்று நிபந்தனைகளுடன் ஓர் உள்வினவலை எழுதுங்கள். வெளியே நிற்கும் மாணவரைச் சுட்ட 'அவுட்டர்ரெஃப்' என்பதைப் பயன்படுத்துங்கள். அதை 'எக்சிஸ்ட்ஸ்' என்பதற்குள் வைத்து, முன்னால் அலைக்குறி இட்டு எதிர்மறையாக்கி, மாணவரின் 'ஃபில்டர்' கட்டளைக்குக் கொடுத்தால் முடிந்தது. உள்வினவலில் எல்லா நிபந்தனைகளும் ஒரே கட்டணப் பதிவின்மேல் நிற்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. ஜொயின் இல்லாததால் பெயர் இரட்டிக்கவும் மாட்டாது. இப்படி நேரடியாக 'ஃபில்டர்' கட்டளைக்குள் வைப்பது 2019 டிசெம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து முடியும். கட்டியவர்களின் இலக்கங்களை எடுத்து 'இவர்கள் அல்லாதோர்' என்று கேட்கும் வழியும் உண்டு, பெரும்பாலும் சரியான விடையையே தரும். ஆனால் அந்த இலக்கப் பட்டியலில் ஒரே ஒரு வெற்றுப் பெறுமானம் நுழைந்தாலும், எஸ்.கியூ.எல். விதிப்படி அந்த நிபந்தனை எந்த வரிக்கும் மெய்யாகாது, பட்டியல் முழுவதும் காலியாக வரலாம். அதனால் நான் 'எக்சிஸ்ட்ஸ்' பக்கமே நிற்கிறேன். இன்னொன்றையும் கவனித்தேன்: மாதத்தை வெறும் 10 என்ற எண்ணாக வைத்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு ஒக்டோபர் வரும்போது இந்த ஆண்டு கட்டியவர்களும் கட்டியவர்களாகவே தெரிவார்கள். மாதத்தின் முதலாம் திகதியை முழுத் திகதியாகச் சேமியுங்கள்.

கேள்வியைச் சரியாக எழுதிய பின்னும், நவெம்பரில் சேர்ந்த பிள்ளை ஒக்டோபரைக் கட்டாதவர் பட்டியலில் வரவேண்டுமா, சலுகை பெற்றுப் படிக்கும் பிள்ளை வரவேண்டுமா என்ற கேள்விகள் மிஞ்சும். அவற்றுக்கு ஜாங்கோவில் விடை இல்லை. நிலையத்தை நடத்துபவரிடம் போய்க் கேட்டு, அவருடைய விடையை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். மாணவருக்கும் வகுப்புக்கும் இடையிலான பல-பல தொடர்பில் (ஒரு மாணவருக்குப் பல வகுப்புகள், ஒரு வகுப்புக்குப் பல மாணவர்கள்) இரண்டையும் இணைக்கும் இடை அட்டவணையை நீங்களே ஒரு மொடலாக எழுதி, சேர்ந்த திகதியை அதில் வைத்திருந்தால் இந்த நிபந்தனை இலகுவாகும். ஜாங்கோ தானாக உண்டாக்கும் இடை அட்டவணையில் அந்தத் திகதிக்கு இடம் இராது.

அந்த வரிப்பெருக்கம் கூட்டுத்தொகையில் என்ன செய்யும் என்பதை நான் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். அடுத்ததாக நீங்கள் எழுதப்போவது மாதாந்த அறிக்கை என்று சொல்லியிருக்கிறீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர்கள் நாளாந்தம் கள்ளுக் கொண்டுவந்து அளந்து கொடுப்பார்கள். அதே உறுப்பினர்கள் சங்கத்தில் கடன் எடுத்துத் தவணையாகத் திருப்பியும் கட்டுவார்கள். ஒரு உறுப்பினருக்கு இந்த மாதம் எத்தனை போத்தல், எவ்வளவு கடன் திரும்பியது என்ற இரண்டையும், ஒவ்வொரு பதிவோடும் கணக்கிட்ட பெறுமானத்தைச் சேர்க்கும் 'அனொடேட்' கட்டளை ஒன்றிலேயே, கூட்டுத்தொகை எடுக்கும் 'சம்' இரண்டு வைத்து எழுதினேன். அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்த அன்று சங்கத்தின் கணக்குப் பார்ப்பவர் தன்னுடைய பேரேட்டை விரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரியில் விரலை ஊன்றினார். "தம்பி, இந்த மனிசன் ஒரு மாசத்திலை 1,440 போத்தல் இறக்கியிருக்கேலாது. ஏறுற மரம் எத்தினை எண்டு எனக்குத் தெரியும்" என்றார். பேரேட்டில் இருந்தது 360 போத்தல்: நாளுக்கு 12 வீதம் 30 நாட்கள். அந்த மனிதர் 1,500 ரூபா வீதம் நான்கு தவணை கட்டியிருந்தார். உறுப்பினருடன் இரண்டு அட்டவணைகளும் ஒருங்கே ஒட்டப்பட்டபோது, 30 கள்ளுப் பதிவுகளும் 4 தவணைப் பதிவுகளும் ஒன்றோடொன்று பெருகி 120 வரிகளாயின. போத்தல் நான்கு மடங்காகி 1,440 என்று வந்தது. 6,000 ரூபாவாக இருக்க வேண்டிய கடன் முப்பது மடங்காகி 180,000 ரூபா என்று அச்சாகியிருந்தது. தவணை ஒன்று மட்டும் கட்டியவர்களின் போத்தல் கணக்கு சரியாக இருந்ததால், நான் சோதித்துப் பார்த்த இரண்டு மூன்று பெயர்களில் அந்தப் பிழை வெளிப்படவில்லை. மரத்தின் எண்ணிக்கை தெரிந்த ஒருவர் இருந்தபடியால் அன்றைக்கே அது பிடிபட்டது.

இதற்கு முதலில் எல்லோர் மனதிலும் வருவது 'டிஸ்டிங்ட்' என்ற பதில். எண்ணிக்கை எடுக்கும் 'கவுண்ட்' கட்டளைக்கு அது சரியான மருந்து. பதிவுகளின் சாவிகள் வேறுபட்டவை என்பதால் ஒவ்வொன்றும் ஒருமுறைதான் எண்ணப்படும். உங்கள் மாணவர் பட்டியலில் வகுப்பு எண்ணிக்கையையும் கட்டணப் பதிவு எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டினால் இரண்டு 'கவுண்ட்' கட்டளைகளுக்கும் அதைக் கட்டாயம் போடுங்கள். கூட்டுத்தொகைக்கு அது மருந்தே அல்ல. 'சம்' கட்டளையில் 'டிஸ்டிங்ட்' போட்டால் ஒரே மாதிரியான பெறுமானங்கள் ஒன்றாக ஒடுங்கும். நாளுக்கு 12 போத்தல் வீதம் முப்பது நாள் கொடுத்தவருடைய கணக்கு வெறும் 12 என்று வரும். கூட்டுத்தொகைகள் இரண்டு வேண்டுமானால் இரண்டையும் தனித்தனி உள்வினவல்களாக எழுதுங்கள். அல்லது கட்டண மொடலிலிருந்து தொடங்கி மாணவர்வாரியாகக் கூட்டி ஒரு வினவல், மற்றதற்கு வேறொரு வினவல் என்று எடுத்து, பைதன் அகராதியில் மாணவரின் இலக்கத்தைச் சாவியாக வைத்து இணைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் மட்டும் பதிவுள்ள இடங்களில் நான் இரண்டாவது வழியையே விரும்புகிறேன். அது அழகான நிரல் அன்று. ஆனால் உங்களுக்குப் பின் வருபவர் வாசித்தவுடன் விளங்கிக்கொள்வார், ஒவ்வொரு வினவலையும் தனியே ஓட்டிப் பேரேட்டுடன் ஒப்பிடவும் முடியும். ஒக்டோபர்க் கட்டணத்தை மட்டும் கூட்டுவது போன்ற நிபந்தனைக் கூட்டல்களுக்கு, 2017இன் இறுதியில் வந்த 2.0 பதிப்பிலிருந்து 'சம்', 'கவுண்ட்' கட்டளைகளுக்குள்ளேயே நிபந்தனையைக் கொடுக்கலாம். அதற்கு முந்திய வழக்கப்படி 'ஃபில்டர்' முன்னே வருகிறதா 'அனொடேட்' முன்னே வருகிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும். பலருக்கும் அந்த ஒழுங்கு நினைவில் நிற்பதில்லை.

தேடலை விரைவாக்கும் சுட்டிகளைப் (இண்டெக்ஸ்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜாங்கோ அந்நியச் சாவிப் புலங்களுக்குத் தானாகவே சுட்டியை உண்டாக்குகிறது, ஆகவே தொடர்பைப் பின்தொடர்வதற்கு நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. மாதத்தையும் மாணவரையும் சேர்த்து அடிக்கடி தேடினால் இரண்டும் சேர்ந்த ஒரு சுட்டி பயன் தரலாம்; உங்கள் அளவிலான தரவில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்பது சந்தேகமே, ஆகவே அதைக் கடைசியில் பாருங்கள். பி.எச்.பி. மொழியின் கட்டமைப்பான லாராவெலுக்கு மாறும் எண்ணம் இருக்கிறது என்று எழுதியதால் ஒன்று சொல்லி வைக்கிறேன்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அந்நியச் சாவி வைத்த புலத்துக்குத் தானாகச் சுட்டி உண்டாக்குவதில்லை, அங்கே அதை நீங்களே எழுத வேண்டும். மற்றபடி பிரச்சினைகளும் அவற்றின் தீர்வுகளும் எங்கும் ஒரே குடும்பம். லாராவெலின் 'வித்', ரூபி மொழியின் கட்டமைப்பான ரெயில்ஸின் 'இன்குளூட்ஸ்' ஆகியவை இந்த வேலையைத்தான் செய்கின்றன. முன்கூட்டிக் கேட்காத தொடர்பைப் புள்ளியால் தொட்டால் பிழை எறியச் சொல்லும் வசதி அவை இரண்டிலும் உண்டு. வளர்ச்சிக் கட்டத்தில் அதை இயக்கி வைப்பது மிக நல்ல பழக்கம்.

உங்கள் நிரலின் ஒரு துண்டை மட்டுமே பார்த்தேன் என்பதால், தாமதத்துக்கு என் பிளஸ் வன் மட்டும்தான் காரணம் என்று உறுதி கூறமாட்டேன். எக்ஸ்குளூட் பற்றிச் சொன்னது அந்தத் துண்டிலேயே தெரிவது, அதில் ஐயமில்லை. தாமதத்தை நீங்களே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஜாங்கோவுக்கான டீபக் டூல்பாரை நிறுவி மாணவர் பட்டியலைத் திறந்தால், அந்தப் பக்கத்துக்காக ஓடிய வினவல்கள் எல்லாம் நேரத்துடன் வரிசையாகத் தெரியும். ஒரே உருவிலான வினவல்கள் இலக்கம் மட்டும் மாறி நூற்றுக்கணக்கில் நின்றால் ஐயம் தீர்ந்தது. எண்ணிக்கை ஐந்தாறாக இருந்தும் ஒரு வினவல் மட்டும் நீண்ட நேரம் எடுக்கிறது என்றால் நோய் வேறு. அந்தக் குவெரிசெட்டின் மேல் 'எக்ஸ்பிளெயின்' அழைத்து, தரவுத்தளம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். சரிசெய்த பின் அதைக் காக்கச் சோதனை ஒன்று எழுதுங்கள். 'அசெர்ட் நம் குவெரிஸ்' (இதை மட்டும் அடிக்கோடின்றிச் சேர்த்தே எழுதுங்கள்) என்ற வசதியால் இந்தப் பக்கத்துக்கு இத்தனை வினவல்கள்தான் என்று பூட்டி வைத்தால், நாளை வார்ப்புருவில் ஒருவர் தெரியாமல் ஒரு புள்ளியைக் கூட்டும்போது சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.

கட்டாதவர் பட்டியலுக்கான சோதனையில் நான்கு பிள்ளைகளை வையுங்கள்: இரண்டு மாதமும் கட்டிய ஒருவர், செப்டெம்பர் மட்டும் கட்டி ஒக்டோபர்ப் பதிவு 'கட்டவில்லை' என்று உள்ள ஒருவர், ஒக்டோபருக்குப் பதிவே இல்லாத ஒருவர், எந்தப் பதிவும் இல்லாத ஒருவர். விடையில் பின்னைய மூவரும் வரவேண்டும், ஒவ்வொருவரும் ஒருமுறை மட்டும். உங்கள் இப்போதைய நிரலை இதில் ஓட்டினால் இரண்டாவது பிள்ளை காணாமற்போவதைக் கண்ணால் காண்பீர்கள். அதற்குப் பிறகு 'எக்சிஸ்ட்ஸ்' வைத்து மாற்றி எழுதி மீண்டும் ஓட்டுங்கள். அப்போதும் விடை பொருந்தாவிட்டால், குவெரிசெட்டின் 'குவெரி' என்ற பண்பை அச்சிட்டு வரும் எஸ்.கியூ.எல். வரிகளையும் மொடல்களின் நிரலையும் இதன் கீழே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.